பழைய பின்னல் புத்தகமும் பருத்தி நூலும்

தென் மாவட்டங்களுக்கு நூல் பின்னல் புதிதல்ல. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா கால்டுவெல் இடையன்குடியில் அதைத் தொடர்ந்தார்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஆங்கிலப் பின்னல் புத்தகம் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அது எந்த நாட்டில் அச்சானது என்று முதலில் பாருங்கள். கொக்கி ஊசிப் பின்னலில் பிரிட்டிஷ் புத்தகம் டபுள் குரோஷே என்பதை அமெரிக்கப் புத்தகம் சிங்கிள் குரோஷே என்று சொல்லும். நிட்டிங் ஊசியிலும் கவனம் வேண்டும். பழைய பிரிட்டிஷ் முறையில் எண் கூடினால் ஊசி மெலியும்: 8-ஆம் எண் 4 மில்லிமீட்டர், 14-ஆம் எண் 2 மில்லிமீட்டர். அமெரிக்க முறையில் எண் கூடினால் ஊசி தடிக்கும். அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர்.

புத்தகம் கம்பளி நூலைக் கேட்டாலும், நம் கழுகுமலை வெயிலுக்கு அது எதற்கு? கரிசல் பூமியில் விளையும் பருத்தியின் நூலே போதும். ஆனால் பருத்தி, கம்பளி போல இழுத்தால் நீண்டு மீளாது. எனவே நான்கு அங்குலத் துண்டு ஒன்றைப் பின்னி, நனைத்து, உலர்த்திக் கண்ணிகளை எண்ணுங்கள். புத்தகக் கணக்கைவிடக் கூடினால் பெரிய ஊசி, குறைந்தால் சிறிய ஊசி. கணக்குச் சரியான பிறகே உடுப்பைத் தொடங்குங்கள்.