வாலாட்டும் வாட்ச்மேனுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டா?

திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு விரல் வெட்டுப்பட்டால் ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. ராத்திரியெல்லாம் கேட்டைக் காக்கும் தெருநாய் மேல் டெம்போ ஏறினால்?

அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது, சரி. தூக்கிப் போக ஆட்டோ, கட்டுப் பிரிக்கும் வரை கூண்டு, சோறு... பில்லை யார் கட்டுவது?

1959-ல் கேப்டன் சுந்தரம் சென்னையில் ஆரம்பித்த புளூ கிராஸ் நிற்பதே நன்கொடையை நம்பித்தான். முதலாளிகளுக்கும் வழி உண்டு. 2013 கம்பெனிச் சட்டப்படி, வருஷ நிகர லாபம் 5 கோடியைத் தொட்டால், மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்கு. அந்தப் பட்டியலில் பிராணிகள் நலனும் இருக்கிறது!

பார்ட்னர்ஷிப் கம்பெனிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அங்கே மனசுதான் சட்டம். சனிக்கிழமை சம்பளத்தில் ஆளுக்கு 10 ரூபாய், 50 பேர் போட்டால் மாசம் 2,000. ஒரு டீக்காசுதானே சார்!