சுகாதார நிலைய விரிவாக்கம்: கட்டிடமும் பணியும்

விடுதலைக்கு முந்தைய ஆண்டான 1946-இல் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு தனது அறிக்கையை அளித்தது. மருத்துவ வசதி நகரங்களோடு நின்றுவிடாமல் கிராம மக்களைச் சென்றடைய வேண்டும் என்று அது வலியுறுத்திற்று. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, அதன் ஓர் அங்கமாக ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. அன்று முதல் இந்நிலையங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதும், இருப்பவற்றை விரிவாக்குவதும் ஒவ்வொரு ஐந்தாண்டுத் திட்டத்திலும் இடம்பெற்று வந்தன.

விரிவாக்கம் தனிக் குறிக்கோளாக உருப்பெற்றது ஐந்தாவது திட்டக் காலத்தில்தான். 1974-இல் தொடங்கிய குறைந்தபட்சத் தேவைகள் திட்டம், நான்கு ஆரம்ப சுகாதார நிலையங்களுள் ஒன்றை 30 படுக்கைகள் கொண்ட கிராம மருத்துவமனையாக உயர்த்த வகை செய்தது. இதிலிருந்தே இன்றைய சமுதாய சுகாதார நிலையம் வளர்ந்தது. சமவெளிப் பகுதிகளில் 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையமும், 1,20,000 மக்களுக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையமும் தேவை என்பது நெறி. மலைப்பகுதிகளுக்கும் பழங்குடியினர் பகுதிகளுக்கும் இவ்வளவு முறையே 20,000, 80,000 எனக் குறைக்கப்பட்டுள்ளது.

எதற்காக விரிவாக்கம்?

ஆரம்ப சுகாதார நிலையம் இயல்பான மகப்பேற்றைக் கவனிக்க வல்லது. ஆனால் பேறுகாலத்தில் சிக்கல் நேருமாயின், அறுவை சிகிச்சை அரங்கும் மயக்க மருந்து நிபுணரும் இரத்தச் சேமிப்பு வசதியும் உடனடியாகத் தேவைப்படுகின்றன. இவை அருகில் இல்லாத நிலையில் அத்தாய் மாவட்டத் தலைநகருக்கு அனுப்பப்படுகிறார். அப்பயணத்தில் கழியும் ஒவ்வொரு மணியும் உயிரைப் பணயம் வைக்கும் மணியாகும். இடைவழியில் உள்ள நிலையத்திலேயே இவ்வசதிகளை அமைத்து அத்தொலைவைக் குறைப்பதே விரிவாக்கத்தின் உண்மையான நோக்கம்.

கட்டும் முறை

இயங்கிவரும் நிலையத்தை விரிவாக்குவது, வெற்று நிலத்தில் புதிய கட்டிடம் எழுப்புவதினும் கடினமானது. பணி நடைபெறும் காலத்திலும் புறநோயாளிகள் வருவார்கள். தடுப்பூசி போடும் நாள்கள் தவறக் கூடாது. ஆகவே புதிய பகுதியை முதலில் முடித்து, மகப்பேற்று அறையையும் படுக்கைகளையும் அங்கு மாற்றிய பின்னரே பழைய பகுதியைச் செப்பனிடத் தொடங்குவது முறையாகும்.

பழைய கட்டிடத்தின் மீது மாடி எழுப்புவது சிக்கனம் எனத் தோன்றலாம். ஆனால் ஒரு தளத்திற்கென இடப்பட்ட அடித்தளம் இரண்டாம் தளத்தைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் ஆராய்ந்து உறுதி செய்தல் வேண்டும். 2001 ஜனவரி 26 அன்று நேர்ந்த குஜராத் நிலநடுக்கத்தில் புஜ் நகர மருத்துவமனை இடிந்து வீழ்ந்தது; மருத்துவ உதவி மிகவும் தேவைப்பட்ட வேளையில் அது கிட்டாமற் போயிற்று. அங்குப் பின்னர் எழுப்பப்பட்ட மருத்துவமனையில், நில அதிர்வு கட்டிடத்தைத் தாக்காதவாறு தனிவகை அடித்தளம் அமைக்கப்பட்டது.

தண்ணீர், மின்சாரம், கழிவு அகற்றல் ஆகிய மூன்றையும் வரைபட நிலையிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். படுக்கைகள் 6-லிருந்து 30 ஆகும்போது பழைய கிணறும் பழைய மின் இணைப்பும் போதா. தடுப்பு மருந்துகளுள் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்துக் காக்க வேண்டியிருப்பதால், மாற்று மின் ஏற்பாடு இன்றியமையாதது.

நிதியும் பணியாளரும்

கட்டிடச் செலவு ஒருமுறை ஏற்படுவது. ஊதியம், மருந்து, பராமரிப்பு ஆகியவை ஆண்டுதோறும் தொடர்வன. நெடுங்காலம் புதிய கட்டிடங்கள் திட்டச் செலவிலும், பராமரிப்பு திட்டம் சாராச் செலவிலும் அடங்கியிருந்தன. இதனால் புதியன கட்டுவது எளிதாகவும், கட்டியதைப் பேணுவது அரிதாகவும் இருந்தது. 2017-18 வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசு இப்பாகுபாட்டைக் கைவிட்டது. பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 ஆண்டுகளுக்கு உள்ளாட்சி அமைப்புகள் வழியே சுகாதாரத்திற்கென 70,051 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. கட்டிடமற்ற நிலையங்களுக்குக் கட்டிடம் அமைப்பதும் இதில் அடங்கும்.

எனினும், பணத்தைக் காட்டிலும் பெரிய தடை ஒன்று உள்ளது. கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் இல்லை என்பதை 2022 மார்ச் மாத நிலவரம் காட்டிற்று. மருத்துவர் வராத அறுவை அரங்கு, பூட்டப்பட்ட மற்றோர் அறையே. ஆகவே விரிவாக்க மதிப்பீட்டில் மருத்துவருக்கும் செவிலியருக்கும் குடியிருப்புகளையும் சேர்க்க வேண்டும். இரவில் வரும் நோயாளிக்கு, வளாகத்திலேயே தங்கியிருக்கும் செவிலியரைப் போன்ற துணை வேறில்லை. பணியிடங்களுக்கான ஒப்புதலும் கட்டிட ஒப்புதலுடன் ஒரே கோப்பில் செல்லுமாயின், திறப்பு விழாவிற்குப் பின் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நிலை நேராது.

ஒரு நிலையம் விரிவடைந்ததா என்பதைச் சதுர அடிகளைக் கொண்டு அளவிட இயலாது. முன்னர் வெளியூர் அனுப்பப்பட்ட தாய்மார்களுள் எத்தனை பேர் இப்போது அங்கேயே நலமுடன் பிள்ளை பெற்று வீடு திரும்புகின்றனர் என்பதே சரியான அளவுகோல். அக்கணக்கு உயரும்போதுதான், செலவிடப்பட்ட பொதுப்பணம் பயன் அளித்தது எனக் கொள்ளலாம்.