காது மெஷினுக்கு ஒரு துணை ஆள்

பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய காது மெஷின் எத்தனையோ வீடுகளில் பீரோவுக்குள் முடங்கிக் கிடக்கிறது. ஏன் போட்டுக்கொள்வதில்லை என்று கேட்டால், "போட்டா ஒரே இரைச்சல்", "அது எப்பவோ கெட்டுப்போச்சு" என்று பதில் வரும். அப்படி ஒதுக்கப்பட்ட மெஷின்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் பாகங்கள் நன்றாகவே இருக்கும். பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது ஒலியைக் காதுக்குக் கொண்டுபோகும் குழாயில் குறும்பி அடைத்திருக்கும். காதுக்குள் வைக்கும் மோல்டு சரியாக உட்காராமல் விசில் அடித்திருக்கும். எல்லாம் பத்து நிமிட வேலை. அதைச் செய்து கொடுக்க ஆள் இல்லாததால் ஒரு பெரியவர் வீட்டுப் பேச்சிலிருந்தே விலகிப்போகிறார்.

அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் உள்ள சுமார் 15,000 மயிர்ச் செல்கள்தாம் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. இவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. வயதாகும்போது முதலில் அடிபடுவது கூர்மையான ஒலிகளைப் பிடிக்கும் செல்கள். அ, ஆ, உ போன்ற உயிரொலிகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. ச, ட, த, க போன்ற மெய்களை அடையாளம் காட்டும் மெல்லிய கூர் ஒலிகள் உயர்ந்த சுருதியில் இருக்கின்றன. அதனால் தட்டு, பட்டு, கட்டு மூன்றும் பெரியவருக்கு ஒரே மாதிரி கேட்கும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்று அவர் சொல்வது அப்பட்டமான உண்மை. நாம் கத்தும்போது கூடுவது பெரும்பாலும் உயிரொலிதான், மெய் தெளிவாவதில்லை. கத்துகிறவரின் முகத்தில் கோபம் தெரிவதுதான் மிச்சம்.

காது மெஷின் இந்த இடத்தில் உதவுகிறது. மைக் ஒலியை வாங்குகிறது. நடுவில் இருக்கும் சிப், அவருடைய செவித்திறன் பரிசோதனைப்படி எந்தச் சுருதியில் எவ்வளவு குறையோ அங்கே அவ்வளவு கூட்டுகிறது. ஒரு சின்ன ஸ்பீக்கர் அதைக் காதுக்குள் அனுப்புகிறது. ஒருவருக்காகச் சரிசெய்த மெஷினை இன்னொருவர் போடக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். காது மெஷினுக்கு ஒரு தனிப் பெருமையும் உண்டு. டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது 1947-ல். அது முதன்முதலாகப் பொதுமக்கள் கைக்கு வந்தது, 1952-ன் கடைசியில் வெளிவந்த ஒரு காது மெஷினுக்குள்தான். டிரான்சிஸ்டர் ரேடியோ அதற்குப் பிறகுதான் வந்தது.

உதவப் போகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது பேட்டரியைப் பற்றி. பட்டன் போன்ற அந்தத் துத்தநாக பேட்டரி காற்றில் உள்ள ஆக்சிஜனைக் கொண்டு மின்சாரம் தருகிறது. மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் நுண்துளைகள் வழியே காற்று உள்ளே போகும். உரித்தவுடன் போடாமல் ஓரிரு நிமிடம் வெளியே வைத்திருந்தால் முழு வலு வரும். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் உள்ளே வேலை நிற்காது; ஆகவே முன்கூட்டியே எல்லாவற்றையும் உரித்து வைக்கக்கூடாது. ஸ்டிக்கரின் நிறத்தைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம்: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. கடைக்குப் போகும் பேரனிடம் நிறத்தைச் சொல்லி அனுப்பினால் போதும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து வைத்தால் மின்சாரம் மிச்சம், உள்ளே இருக்கும் ஈரமும் காயும். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பேட்டரியை மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. பார்வை மங்கியவர்கள் மாத்திரை என்று நினைத்து விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

அடுத்து குழாயும் மோல்டும். சென்னைப் புறநகரில் ஒரு முதியோர் இல்லத்துக்குத் தொண்டர்களுடன் போயிருந்தேன். ஒரு பாட்டி, "மெஷின் செத்துப்போச்சு கண்ணு" என்று கையில் கொடுத்தார். உடன் வந்த கல்லூரி மாணவி புது பேட்டரி போட்டு, மோல்டையும் குழாயையும் கழற்றிவிட்டு, மெஷினை மட்டும் உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்தாள். கீச்சென்று சத்தம் வந்தது. அப்படியென்றால் மெஷினுக்கு உயிர் இருக்கிறது. குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். நடுவில் கடுகளவு நீர்த்துளி ஒன்று நின்றுகொண்டிருந்தது. வியர்வை ஈரமும் மூடிய காதின் சூடும் சேர்ந்தால் குழாயில் இப்படித் துளி கட்டும். ஒலிக்கு வழி அடைபடும். அழுத்தினால் காற்று வரும் ஒரு சின்ன ரப்பர் பந்தால் குழாய்க்குள் ஊதினாள். துளி தெறித்து விழுந்தது. திரும்ப மாட்டிப் பாட்டியின் காதில் வைத்ததும் அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். "இந்த ஃபேன் இவ்வளவு சத்தமா ஓடுது?"

கழற்றிய மோல்டை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். மெஷினில் தண்ணீரோ ஸ்பிரிட்டோ படவே கூடாது; உலர்ந்த துணி போதும். பிரஷ்ஷால் துடைக்கும்போது துளை கீழே பார்த்தபடி இருந்தால் அழுக்கு உள்ளே போகாமல் வெளியே விழும். நம் ஊர் வெக்கையிலும், தலைக்கு எண்ணெய் வைக்கும் வீடுகளிலும் இந்த வேலை அடிக்கடி தேவைப்படும். வியர்வை ஈரம் அதிகமென்றால், இரவில் பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு, மெஷினை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைப்பது நல்லது. குழாய் மஞ்சளாகி விறைத்துப்போனால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு காதுக்கும் மெஷின் இருந்தால் சிவப்புக் குறி வலது, நீலக் குறி இடது.

ஸ்பீக்கரிலிருந்து கசியும் ஒலியை மைக் மறுபடி பிடித்துக்கொள்வதால்தான் விசில் வருகிறது. மோல்டைச் சரியாக உட்கார வைத்தும் நிற்கவில்லையென்றால், காதில் குறும்பி சேர்ந்திருக்கலாம், அல்லது மோல்டு தளர்ந்திருக்கலாம். அதற்குமேல் தொண்டர் கை வைக்கக்கூடாது. காதுக்குள் பட்ஸ் விடுவது, மெஷினின் அமைப்பை மாற்றுவது, குறிப்பிட்ட கடையைச் சிபாரிசு செய்வது ஆகிய மூன்றும் அவர் வேலையல்ல. வலி, சீழ் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றைக்கே அனுப்ப வேண்டும். தாமதித்தால் திரும்பக் கிடைக்கக்கூடிய செவித்திறனும் போய்விடலாம்.

பாகங்களைச் சரிசெய்வதைவிடக் கடினம், மனம் பழகுவது. பல ஆண்டுகள் அமைதியாக இருந்த மூளைக்கு எவர்சில்வர் தட்டின் சத்தமும் குக்கர் விசிலும் திடுமென வந்து மோதுகின்றன. பழக வாரக்கணக்கில் ஆகும். முதலில் அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு, தினம் ஓரிரு மணி நேரம் போட்டுக்கொள்ளட்டும். கல்யாண வீட்டுக்கெல்லாம் பழகிய பிறகு போட்டுப் போகலாம். மெஷினில் ஒழுங்காகக் கேட்கிறதா என்று பார்க்க, உதட்டசைவு தெரியாமல் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டலாம். டேனியல் லிங் என்பவர் வகுத்த இந்த ஆறு ஒலிகளும் பேச்சின் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை தொட்டுவிடுகின்றன. நேற்றுக் கேட்ட "ஸ்" இன்று கேட்கவில்லையென்றால், அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பிரிட்டனில் 1948 முதல் அரசு மருத்துவச் சேவையே காது மெஷினை இலவசமாகக் கொடுக்கிறது. அங்கே காது கேளாதோருக்காக 1911-ல் தொடங்கப்பட்ட ஆர்.என்.ஐ.டி. அமைப்பின் பயிற்சி பெற்ற தொண்டர்கள் நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் உட்கார்ந்து மெஷினைச் சுத்தம் செய்து, குழாய் மாற்றித் தருகிறார்கள். நம் நாட்டில் 2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டம், வருமானம் குறைந்த முதியவர்களுக்கு முகாம்களில் காது மெஷின் தருகிறது. பழுதானால் ஓராண்டு இலவசப் பராமரிப்பும் உண்டு. ஆனால் நீர்த்துளியும் தீர்ந்த பேட்டரியும் பழுதுக் கணக்கில் வராது. முகாம் முடிந்து வீட்டுக்குப் போன பெரியவரை மறு வாரம் யார் போய்ப் பார்ப்பது? மெஷினைக் கொடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக் கூட நாம் இதில் காட்டவில்லை என்பதே என் ஆதங்கம்.

உங்கள் தெருவில் காது மெஷின் வைத்திருக்கும் பெரியவர் ஒருவராவது இருப்பார். அருகில் உள்ள செவித்திறன் நிபுணரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இந்த வேலைகளைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு மென்மையான பிரஷ், ஒரு ரப்பர் பந்து, சரியான நிறத்தில் ஓர் அட்டை பேட்டரி வாங்கிக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போங்கள். போனதும் நேர் எதிரில் உட்கார்ந்து, முகம் வெளிச்சத்தில் படும்படி, கத்தாமல் நிதானமாகப் பேசுங்கள்.