பென்னாகரம் ரோடு டு பர்மிங்ஹாம்: ஒரு வண்டி ஆவாரம்பட்டை!

"தம்பி, சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு ஃப்ரீயா?"

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செருப்புக்கடை வைத்திருக்கும் பாய் இப்படிக் கேட்டால் ஒன்று போன் மக்கர் பண்ணுகிறது என்று அர்த்தம், அல்லது பேங்க் பாரம் நிரப்ப வேண்டும் என்று அர்த்தம். (நான் அரசாங்க ஆபீஸில் கிளார்க். உலகத்தில் உள்ள அத்தனை பாரமும் எனக்கு அத்துப்படி என்பது ஏரியாவின் நம்பிக்கை.) இந்தத் தடவை விஷயம் வேறு.

"இங்கிலாந்துல கூட்டமாம். நான் பேசணுமாம்!"

டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

பாயின் மகள் வயிற்றுப் பேரன் பர்மிங்ஹாமில் இருக்கிறான். பிறந்ததே அங்கேதான். காலேஜ் படிக்கிறான். அவனும் சிநேகிதர்கள் எட்டுப் பத்துப் பேரும் மாசம் ஒரு தடவை கூடி, ஒரு புத்தகத்தை எடுத்துப் படித்து, விடிய விடிய சண்டை போடுவார்களாம். இந்த மாசப் புத்தகம் மகாகவி இக்பாலின் ஆங்கிலச் சொற்பொழிவுகள். முன்னுரையைப் புரட்டினால், இந்தப் பேச்சுகளைக் கேட்டு வாங்கியதே மெட்ராஸ் முஸ்லிம் சங்கம்தான் என்று போட்டிருக்கிறது. பையன் உடனே போனை எடுத்துவிட்டான்.

"நானா, உங்க மெட்ராஸ்காரங்க எதுக்கு இக்பாலைக் கூப்பிட்டாங்க? அவங்க யாரு? எங்க கூட்டத்துல பத்து நிமிஷம் சொல்லுங்க."

பாய் படித்தது எட்டாங்கிளாஸ். "ஜமாத்துலயே கணக்குக் கேக்கத்தான் தம்பி வாயத் தொறந்திருக்கேன். முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பழைய பாக்கி ஒன்று இருந்தது. மூணு வருஷத்துக்கு முன் லீவுக்கு வந்தபோது, "நம்ம குடும்பத்துல படிச்சவங்க யாரு நானா?" என்று பேரன் கேட்டிருக்கிறான். பாய் கல்லாவை எண்ணிக்கொண்டே, "நாம தோல்காரங்க பேட்டா. படிப்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று சொல்லிவிட்டார். பையன் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "அந்த மூஞ்சி இன்னும் ஞாபகம் இருக்கு தம்பி," என்றார்.

சரி என்று நானே தேட உட்கார்ந்தேன். தேடத் தேட எனக்கே ஆச்சரியம்.

மெட்ராஸில் ஜமால் முகமது என்று பெரிய தோல் வியாபாரி இருந்தார். திருச்சி ஜமால் முகமது கல்லூரி ஞாபகம் வருகிறதா? அவரேதான். இங்கிலீஷ் படித்த முஸ்லிம் இளைஞர்களுக்கு மதமும் தெரிய வேண்டும், புது உலகமும் புரிய வேண்டும் என்று சொற்பொழிவுகள் நடத்தப் பணம் கொடுத்தார். 1925-ல் சையத் சுலைமான் நத்வி உருதுவில் பேசினார். 1927-ல் பிக்தால் வந்தார். இவர் அசல் வெள்ளைக்காரர்! லண்டனில் பிறந்த நாவலாசிரியர். 1917-ல் இஸ்லாத்தில் சேர்ந்து, அப்புறம் ஹைதராபாத்தில் ஸ்கூல் பிரின்சிபாலாக இருந்தவர். 1930-ல் வெளிவந்த இவருடைய ஆங்கிலக் குர்ஆன் பிரிட்டிஷ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தது.

1929 ஜனவரியில் இக்பால். கேம்பிரிட்ஜில் தத்துவம் படித்தவர், லண்டனில் பாரிஸ்டர் ஆனவர். மண்ணடிப் பக்கம் கோகலே ஹாலில் நின்று ஐன்ஸ்டீன், பெர்க்ஸன் என்று இங்கிலீஷில் பொழிந்து தள்ளியிருக்கிறார். (கேட்டவர்களில் எத்தனை பேருக்குப் புரிந்ததோ! நான் ரெண்டு பக்கம் படித்துவிட்டு ஒரு கப் காபி குடித்தேன்.) மார்க்கத்தைப் பற்றி முன்னோர் யோசித்தது போதும் என்று உட்காராமல் ஒவ்வொரு தலைமுறையும் புதுசாக யோசிக்க வேண்டும் என்பதுதான் அவர் பேச்சின் உயிர். மெட்ராஸிலிருந்து மைசூர்ப் பக்கம் போய், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் சமாதியையும் பார்த்திருக்கிறார். 1792 வரை நம்ம தர்மபுரியும் திப்பு சீமைதான், தெரியுமோ?

அந்தப் பேச்சுகள் 1930-ல் லாகூரில் புத்தகமாயின. 1934-ல் இன்னொரு பேச்சும் சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டு பிரஸ் லண்டனில் போட்டது. அதைத்தான் இன்றைக்கு பர்மிங்ஹாம் பையன்கள் பிய்த்து மேய்கிறார்கள்.

பிரிட்டன் முஸ்லிம்கள் என்றால் நம்ம மனசில் என்ன படம் வரும்? 1989-ல் பிராட்ஃபோர்டில் ருஷ்டியின் நாவலைக் கொளுத்தினார்களே, அந்தப் போட்டோதான். எனக்கும் அப்படித்தான். ஆனால் போட்டோவுக்கு வெளியே ஏகப்பட்டது நடந்திருக்கிறது. லண்டன் பக்கத்தில் வோக்கிங்கில் 1889-லேயே மசூதி கட்டியாச்சு. பணம் கொடுத்தது நம்ம போபால் பேகம்! பிரிட்டிஷ் மியூசியத்தில் கீழைநாட்டுச் சுவடிகளைக் காத்த மார்ட்டின் லிங்ஸ், 1983-ல் நபிகளின் வாழ்க்கையை இங்கிலீஷில் எழுதினார். லண்டனில் வளர்ந்த ஜியாவுதீன் சர்தார், 'கிரிட்டிகல் முஸ்லிம்' என்று ஒரு காலாண்டிதழ் ஆரம்பித்தார். தன் ஆட்களையே கேள்வி கேட்கிற பத்திரிகை. இக்பால் படித்த அதே கேம்பிரிட்ஜில் 2009-ல் ஒரு முஸ்லிம் கல்லூரி, 2019-ல் மரத்தூண்கள் கிளை விரிக்கிற மாதிரி ஓர் அழகான மசூதி. 2021 சென்ஸஸ்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 39 லட்சம் முஸ்லிம்கள். பர்மிங்ஹாமில் பத்துப் பேரில் மூணு பேர்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"தோல் வியாபாரியா?"

"ஆமா பாய். தோல் பதனிட்டு லண்டனுக்கு ஏத்துமதி."

"அப்ப ஆவாரம்பட்டை போட்டுத்தான் பதனிட்டிருப்பாரு. அந்தக் காலத்துல வேற ஏது?" என்றவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "எங்க அப்பா பட்டை வியாபாரம் தம்பி. பென்னாகரம், அரூர் பக்கமெல்லாம் ஆவாரை வெட்டி, பட்டை உரிச்சு, காயவெச்சு, வண்டி வண்டியா வாணியம்பாடி தோல் ஷாப்புக்கு ஏத்துவாரு. மலையிலேர்ந்து கடுக்காயும் போகும். பட்டைத் தண்ணியில ஊறப்போட்டு, கடைசியில கடுக்காய்த் தண்ணி காட்டினாத்தான் தோல் நிறம் நிக்கும்."

"பாய், சனிக்கிழமை இதைச் சொல்லுங்க. போதும்."

"இதுவா? இது படிப்பா?"

சனிக்கிழமை வந்தது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எட்டாம் நம்பர் செருப்புப் பெட்டி மேல் போனைச் சாய்த்து வைத்தேன். பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். என் தாள் அவர் கையில் நடுங்கியது. நான் வரும் வழியில் ரோட்டோரம் ஒடித்த ஒரு ஆவாரங்கிளையையும் பக்கத்தில் வைத்திருந்தேன். திரையில் ஏழெட்டு முகம். முக்காடு போட்ட ரெண்டு பெண்கள், தாடி வைத்த ஒருத்தன், ஒரு வெள்ளைக்காரப் பையன். அங்கே சாயங்காலம் அஞ்சு மணி, வெளிச்சமாக இருந்தது.

பாய் தாளைப் பார்த்து ரெண்டு வரி படித்தார். தடுமாறினார். மூணாவது வரியில் தாளைக் கவிழ்த்துவிட்டு, கிளையை எடுத்து கேமராவுக்கு நேராக நீட்டினார். மஞ்சப் பூ ஸ்க்ரீன் பூராவும்!

அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. உருதுவும் தமிழும் கலந்து அடித்தார், பேரன் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தான். பட்டையின் வாசனை, சுண்ணாம்புக் குழி, அப்பாவின் கையிலிருந்து சாகிற வரைக்கும் போகாத பழுப்புக் கறை. "இந்தத் தோல் கப்பலேறி உங்க ஊருக்குத்தான் வந்துச்சு. அதுல வந்த காசுலதான் இக்பால் சாகிப்பைக் கூப்பிட்டாங்க. அவர் பேசினது புஸ்தகமாகி மறுபடியும் உங்க ஊருக்கே வந்திருக்கு." பத்து நிமிஷம் அரை மணி ஆயிற்று.

முக்காடு போட்ட பெண்ணில் ஒருத்தி கேட்டாள். அவள் தாத்தா சில்ஹெட்டிலிருந்து வந்தவராம். "உங்கப்பாவால் இந்தப் புத்தகத்தைப் படித்திருக்க முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. பாய் யோசித்தார்.

"இல்லம்மா. அவருக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். ஆனா ஒரு துண்டுப் பட்டையை வாயில போட்டு மென்னாருன்னா, எந்த மலை, எந்த மாசம் உரிச்சதுன்னு சொல்லுவாரு."

பேரன் இதை மொழிபெயர்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். நடுவில் ஒரு தடவை தொண்டையைச் செருமினான். முடித்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து இங்கிலீஷில் இன்னொரு வாக்கியம் சேர்த்தான். அது எனக்குப் புரிந்தது: "இவர் என் தாத்தா."

போனை அணைத்த பிறகு பாய் கொஞ்ச நேரம் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "தம்பி, அந்தப் புஸ்தகம் உருதுல கிடைக்குமா?"

"கிடைக்கும் பாய். மொழிபெயர்ப்பு இருக்கு. வரவழைக்கலாம்."

"என்ன விலை இருக்கும்?"

உத்தேசமாக ஒரு தொகை சொன்னேன்.

"அம்மாடி! ஒரு ஜோடி லெதர் செருப்பு விலை," என்றார். கல்லாவைத் திறந்து எண்ண ஆரம்பித்தார்.