கடல் கண்ணாடி: கடற்கரையில் எதை எடுக்கலாம், எதை விட்டு வரணும்?

போன லீவுக்கு மேல்விஷாரத்தில் இருந்து குடும்பமாக ராமேஸ்வரம் கிளம்பினோம். காட்பாடியில் ரயில் ஏறி, புதுப் பாம்பன் பாலத்தைத் தாண்டும்போது எல்லாரும் ஜன்னலில் தலையை நீட்டி வீடியோ எடுத்து, மறுநாள் தனுஷ்கோடி. அரிச்சல்முனையில் மற்றவர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தபோது என் கண் தரையில் இருந்தது. ஈர மணலில் பச்சையாக ஏதோ ஒன்று. எடுத்துப் பார்த்தால் கண்ணாடித் துண்டு. ஆனால் கையைக் கிழிக்கவில்லை. ஓரம் எல்லாம் உருண்டு, மேலே பனி படிந்த மாதிரி மங்கலாக, வாயில் போட்டுப் பாதி சப்பிய மிட்டாய் போல இருந்தது.

அரை மணி நேரத்தில் பதினோரு துண்டு சேர்ந்துவிட்டது. வெள்ளை ஆறு, பச்சை மூன்று, பிரவுன் ஒன்று. இன்னொன்று மெலிதாக வளைந்த சிவப்புத் துண்டு. யாரோ ஒருவரின் உடைந்த வளையல். பன்னிரண்டாவதாகக் கிடைத்தது வெள்ளையாகக் கிளை கிளையாக இருந்த ஒரு கல். அதையும் பைக்குள் போடப் போனபோது, பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த அக்கா சத்தம் போட்டார்: “அது பவளம் தாயி. அங்கேயே போட்ரு. பிடிச்சா கேஸு.”

“அப்போ இந்தக் கண்ணாடி எல்லாம் எடுக்கலாமாக்கா?”

“அது எவனோ குடிச்சுட்டுப் போட்ட பாட்டிலு. நீ அள்ளிட்டுப் போனா எங்களுக்கு நல்லதுதான்.”

பவளத்தை அங்கேயே வைத்துவிட்டேன். ஆனால் கேள்வி மட்டும் கூடவே ஊருக்கு வந்துவிட்டது. ஒரே மணலில் கிடக்கும் இரண்டு பொருள். ஒன்றை எடுத்தால் நல்லது, இன்னொன்றை எடுத்தால் வழக்கு. ஏன்?

கடல் கண்ணாடி என்றால் என்ன?

கடலில் விழுந்த பாட்டில், ஜாடி, வளையல், விளக்குக் கூண்டு போன்றவை உடைந்து, பல ஆண்டுகள் அலையில் உருண்டு, வழவழப்பாகிக் கரை ஒதுங்குவதுதான் கடல் கண்ணாடி. அதாவது, பிறப்பில் அது குப்பை. உலகம் முழுக்க இதைத் தேடிப் பொறுக்குவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். கம்மல், டாலர் செய்து விற்பவர்களும் உண்டு.

இதில் பேர் போன இடங்களின் கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃபோர்ட் பிராக் என்ற ஊரின் ‘கண்ணாடிக் கடற்கரை’, 1906-ல் இருந்து 1967 வரை அந்த ஊர் குப்பை கொட்டிய இடம். இங்கிலாந்தின் சீஹாம் கடற்கரையில் கிடைக்கும் பல வண்ணத் துண்டுகள், அங்கே 1850-களில் தொடங்கி 1921 வரை ஓடிய பாட்டில் தொழிற்சாலை கடலில் கொட்டிய கழிவு. நேற்றைய குப்பை மேடு, இன்றைய டூரிஸ்ட் ஸ்பாட்!

கூரான துண்டு எப்படி வழவழப்பாகிறது?

என் கையில் இருந்ததைப் பார்த்ததும் டேனரியில் வேலை பார்க்கும் அண்ணன் சொன்னது: “நம்ம மில்லிங் டிரம் வேலை மாதிரியே இருக்கு.”

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைவிட எளிதாக விளக்க முடியாது. விறைப்பாக இருக்கும் தோலைப் பெரிய டிரம்மில் போட்டுச் சுற்றவிட்டால், மோதி மோதி மிருதுவாகிவிடும். கடலும் அப்படி ஒரு டிரம்தான். ஆனால் இரண்டு வேலை சேர்ந்து நடக்கிறது.

முதலாவது உராய்வு. மணலில் இருக்கும் குவார்ட்ஸ், கண்ணாடியைவிடக் கடினமானது. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 5.5. அதனால் ஒவ்வொரு அலையிலும் மணல் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கிறது.

இரண்டாவது வேதியியல். பாட்டில் கண்ணாடி என்பது மணல், சோடா உப்பு, சுண்ணாம்பு மூன்றையும் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கிச் செய்வது. தண்ணீரில் பல ஆண்டுகள் கிடந்தால் மேற்பரப்பில் இருக்கும் சோடியம் மெல்லக் கரைந்து வெளியேறும். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். அந்தப் பனிப்படலத்துக்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

நன்றாக உருண்ட ஒரு துண்டு உருவாக 20, 30 ஆண்டுகளாவது ஆகும். நூறு ஆண்டைத் தாண்டியவையும் உண்டு. ஆன்லைனில் ‘கடல் கண்ணாடி’ என்று விற்கும் பல துண்டுகள், மெஷினில் உருட்டியோ அமிலத்தில் ஊறவைத்தோ சில நாட்களில் செய்யப்பட்டவை. எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே மங்கல் என்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

நிறத்தைப் பார்த்துக் கதை சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். வெள்ளை, பச்சை, பிரவுன் மூன்றும்தான் அதிகம் கிடைக்கும். குளிர்பானம், பீர், மருந்து, ஊறுகாய் என்று நாம் அதிகம் பயன்படுத்திய பாட்டில்கள் அந்த நிறங்கள்தான். ஆழ்ந்த நீலம் கோபால்ட் சேர்த்தது. பழைய மருந்துப் பாட்டில்களில் வரும். வெளிர் ஊதா கிடைத்தால் அது நூறு வயதைத் தாண்டிய துண்டாக இருக்கலாம். முன்பு கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க மாங்கனீசு சேர்ப்பார்கள். அது பல காலம் வெயிலில் கிடந்தால் ஊதாவாக மாறும். சிவப்பு அபூர்வம். அதைச் செய்யத் தங்கமோ செலினியமோ தேவைப்பட்டதால் பாட்டிலுக்கு அதிகம் பயன்படுத்தவில்லை.

உருண்டை கோலி கிடைத்தால் இன்னும் அதிர்ஷ்டம். நம்ம கோலி சோடா பாட்டிலை வடிவமைத்தவர் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1872-ல் காப்புரிமை வாங்கினார். கோலிக்காகவே பாட்டிலை உடைத்த பசங்க லண்டனிலும் இருந்தார்கள், நம்ம தெருவிலும் இருந்தார்கள்.

தனுஷ்கோடிக்கும் கண்ணாடிக்கும் என்ன தொடர்பு?

இன்று கூரையில்லாத சர்ச்சும் சில சுவர்களும் மட்டும் நிற்கும் தனுஷ்கோடி, ஒரு காலத்தில் ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம் எல்லாம் இருந்த துறைமுக ஊர். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னையில் இருந்து போட் மெயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறித் தலைமன்னார் போவார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையே அடித்துக்கொண்டு போனது. பாம்பனில் இருந்து வந்த பயணிகள் ரயிலும் தப்பவில்லை.

ஒரு ஊர் கடலுக்குள் போனால் அதன் அலமாரி, விளக்கு, பாட்டில், வளையல் எல்லாமும்தான் போகும். அதற்காக என் கையில் இருந்த துண்டு அந்த ஊருடையது என்று சொல்லிவிட முடியாது. போன தலைமுறையில் யாரோ படகில் இருந்து வீசிய பாட்டிலாகவும் இருக்கலாம். ஆனால் 1964-ல் உடைந்த கண்ணாடி வழவழப்பாவதற்குத் தேவையான காலம் எப்போதோ கடந்துவிட்டது. அந்த வளைந்த சிவப்புத் துண்டை நான் விளையாட்டுப் பொருளாகப் பார்க்காததற்கு அதுதான் காரணம்.

பவளத்தை எடுத்தால் மட்டும் ஏன் வழக்கு?

கண்ணாடி, மனிதர்கள் போட்டது. பவளம், உயிர் கட்டியது. பாறை போல் தெரியும் பவளத்தை, குட்டிக் குட்டி உயிரினங்கள் சுண்ணாம்பைச் சுரந்து பல ஆண்டுகளில் கட்டி எழுப்புகின்றன. செத்துக் கரை ஒதுங்கிய பவளத்துக்கும் வேலை இருக்கிறது. அது உடைந்து மணலாகிக் கரையைத் தாங்குகிறது.

இந்தியாவில் பவளப்பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் குதிரை, கடல் அட்டை, நாட்டிலஸ் போன்றவையும் அதே பட்டியலில். முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். உயிரோடு இருந்ததா, செத்ததா என்பது சாக்கு ஆகாது.

‘ஒரு துண்டுதானே’ என்று தோன்றும். மன்னார் வளைகுடாவில் அப்படித் தோன்றியதன் கணக்கு இருக்கிறது. 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது இங்கே 21 தீவுகள். பல ஆண்டுகள் சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைகளுக்கும் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது அந்தப் பவள வெட்டுதான்.

கடற்கரைக்குப் போறீங்களா? இதைக் கவனிங்க

- ஓரம் உருண்ட, மங்கலான கண்ணாடியை எடுக்கலாம். கூர்மையாக இருந்தால் அது புதுசு. காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். அடுத்து நடப்பவர் காலுக்கு நல்லது.
- கிளை கிளையாக, சின்னச் சின்ன ஓட்டைகளோடு, வெள்ளைக் கல் மாதிரி இருந்தால் பவளம். தொட வேண்டாம்.
- காலிச் சிப்பி, சங்குக்குள் துறவி நண்டு குடியிருக்கலாம். காலியாகவே இருந்தாலும் அது அடுத்த நண்டுக்கு வீடு.
- தேசியப் பூங்காத் தீவுகளில் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. அந்தமானுக்குப் போகிறவர்கள் அங்கே கடற்கரையில் கிடைக்கும் சிப்பி, பவளம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள்.
- நடுவில் துளை போட்ட பழைய கண்ணாடி மணி கிடைத்தால் அதைத் தொல்லியல் துறையிடம் காட்டுங்கள். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணி செய்திருக்கிறார்கள். அந்த வகை மணிகள் ஆப்பிரிக்காவில் இருந்து கொரியா வரை கிடைத்திருக்கின்றன.

இனி கடல் கண்ணாடி கிடைக்காதா?

குறைந்துகொண்டே வருகிறது. காரணம், பாட்டில் பிளாஸ்டிக்காக மாறிவிட்டது. ‘அப்போ கண்ணாடியைக் கடலில் போட்டால் நம்ம பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்குமே’ என்று நினைக்க வேண்டாம். அது அழகாவதற்கு முன் முப்பது ஆண்டுகள் மீனவர்களின் காலையும் வலையையும் கிழிக்கும். காட்டிலும் இதே கதைதான். உடைந்த மதுப் பாட்டில்கள் வனவிலங்குகளின் காலைக் கிழிப்பதால்தான், 2022-ல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் உயர் நீதிமன்ற வழக்கின் வழியாக வந்தது.

பிளாஸ்டிக்கையும் கடல் உருட்டத்தான் செய்கிறது. ஆனால் கண்ணாடி தேய்ந்தால் மணலோடு மணலாகும். பிளாஸ்டிக் தேய்ந்தால் இன்னும் சின்ன பிளாஸ்டிக் ஆகும். அதைப் பொறுக்கி யாரும் டாலர் செய்ய முடியாது. மீன் வயிற்றில்தான் தேட வேண்டும்.

எங்க ஊருக்கு இதில் என்ன இருக்கு?

‘தண்ணியில போனா எல்லாம் சரியாயிடும்.’ சின்ன வயதில் இருந்து பாலாற்றங்கரையில் கேட்ட வார்த்தை. கண்ணாடி விஷயத்தில் அது பாதி உண்மை. குரோமியம் விஷயத்தில் முழுப் பொய்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து டேனரிக் கழிவு பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் ‘மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. இன்று சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, மேல்விஷாரத்திலும் உண்டு. ஆனாலும் 2025 ஜனவரி 30-ல் அதே பாலாறு மறுபடி உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றது. பாதிப்பு சரியாகும் வரை மாசுபடுத்தியவர்களின் பொறுப்பு தீராது என்று நீதிமன்றம் சொன்னது.

இடையில் 28 ஆண்டுகளுக்கும் மேல். உடைந்த பாட்டில் ஒன்று கடலில் விழுந்து, கூர் மழுங்கி, யாரோ ஆசையாகக் கையில் எடுக்கும் அளவுக்கு மாறப் போதுமான காலம். அதே காலத்தில் எங்கள் ஊர்க் கிணறுகள் மாறவில்லை. ராணிப்பேட்டையில் 1995-ல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு, ஒரு லட்சம் டன்னுக்கும் மேல், அதே இடத்தில் கிடக்கிறது. அதை எந்த அலையும் உருட்டி அழகாக்காது. போட்டவர்கள்தான் எடுக்க வேண்டும்.

பதினோரு துண்டும் இப்போது வீட்டு ஜன்னலில் ஒரு பழைய ஊறுகாய் பாட்டிலில் இருக்கின்றன. வெயில் பட்டால் சுவரில் பச்சை விழுகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் “எங்க வாங்கினே?” என்று கேட்கிறார்கள். “குப்பை, பொறுக்கிட்டு வந்தேன்” என்கிறேன். அடுத்து அவர்கள் கேட்பது, “அங்க பவளம் கிடைக்குமாமே, எடுத்துட்டு வரலையா?”

அப்போதுதான் டீக்கடை அக்காவின் கதையைச் சொல்ல ஆரம்பிப்பேன்.