குடற் பற்றீரியாக்களும் நோயெதிர்ப்பும்

நாற்று நெருங்கிக் கவிந்த வயலிற் களை எளிதில் தலைதூக்குவதில்லை என்பதை நெற்செய்கையாளர் அறிவர். மனிதனின் பெருங்குடலிலும் இதனையொத்த செயலொன்று நடைபெறுகின்றது. ஆங்கு கோடானுகோடிப் பற்றீரியாக்கள் வாழ்கின்றன. நன்மை பயக்கும் இனங்கள் இடத்தையும் உணவையும் கைப்பற்றியவிடத்து, வயிற்றோட்டத்தை விளைவிக்கும் கிருமிகள் நிலைபெறுதல் அரிதாகின்றது.

இவற்றின் பணி இடம்பிடித்தலோடு முடிவதன்று. நோயை எதிர்க்கும் கலங்களிற் பெரும்பகுதி குடற்சுவரை அண்டியே உள்ளது. போஞ்சி, கீரை, குரக்கன் முதலியவற்றின் நார் சிறுகுடலிற் சீரணியாது பெருங்குடலை அடைகின்றது. பற்றீரியாக்கள் அதனைப் புளிக்கச் செய்து பியூத்திரிக்கமிலம் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடற் சுவரின் கலங்களுக்குப் பியூத்திரிக்கமிலமே முதன்மையான உணவு. சுவரை உறுதியாக வைத்திருப்பதுடன், எதிர்ப்புக் கலங்கள் அளவுமீறிக் கொதித்தெழாது அடக்குதற்கும் அது துணைபுரிகின்றது.

இந்தியாவின் ஒடிசா மாநிலக் கிராமங்களில் நடாத்தப்பெற்று 2017 இல் வெளியான ஆய்வொன்று இதற்குத் தக்க சான்றாகும். 4,500 இற்கு மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளுள் ஒரு பிரிவினர்க்கு, புளித்த மரக்கறிகளிற் காணப்படும் இலத்தோபசிலசு பிளாந்தாரம் என்னும் பற்றீரியாவை, அதற்கு உணவாகும் ஒருவகைச் சீனியுடன் ஏழு நாட்கள் கொடுத்தனர். மற்றப் பிரிவினர்க்குப் போலி மருந்து கொடுக்கப்பட்டது. முதல் இரண்டு மாதங்களுள் குருதித் தொற்றுக்கோ மரணத்துக்கோ ஆளானோர் போலி மருந்து பெற்றோருள் நூற்றுக்கு 9. பற்றீரியா பெற்றோருள் 5.4. சுவாசத் தொற்றும் குறைந்தது. குடலுக்குட் சென்ற பற்றீரியா மார்பையும் காத்தமை வியப்புக்குரியதே.

அது தேர்ந்தெடுத்த ஓர் இனம். வைத்திய மேற்பார்வையிற் கொடுக்கப்பட்டது. இதனைக் கேட்டுப் பச்சிளங் குழந்தைக்குத் தயிர் புகட்டுதல் கூடாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் ஒன்றே போதும். அதிலுள்ள சில சீனிவகைகள் குழந்தைக்குச் சீரணியாது, நற்பற்றீரியாக்களுக்கே உணவாகின்றன.

ஊவா மாகாணத்தில், வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளையும் போஞ்சியும் கோவாவும் லொறியேறிச் செல்ல, தோட்ட லயங்களிலும் விளைவித்தோர் சிலரின் வீடுகளிலும் பல வேளைகளிற் கோதுமைமா ரொட்டியே உணவாகின்றது. இது வருந்தத்தக்கது. சந்தைக்கு ஏற்றுமுன் வீட்டுக்கென ஒரு பங்கை ஒதுக்குதல் வேண்டும். சட்டித் தயிரும் நன்று; ஆயின் சூடாக்கினால் அதிலுள்ள பற்றீரியாக்கள் இறந்துவிடும். பழஞ்சோற்றுக்குக் கொதித்தாறிய நீரையே ஊற்றி மூடி வைத்தல் வேண்டும். சாதாரண தடிமனுக்கு அன்ரிபயோற்றிக் மருந்தைத் தாமாகவே வாங்கி உண்போர், களையோடு பயிரையும் அழிப்போராவர்.

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குத் தயிரை நம்பியிருத்தல் ஆகாது. ஜீவனிக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருக்கி, தாமதியாது அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.