வரி அறிக்கையைத் தாமே தயாரிப்போர் கவனத்திற்கு

விவசாய வருமானத்திற்கு மத்திய சர்க்காரின் வருமான வரி கிடையாது என்பது நமது கிராமங்களில் எல்லோரும் அறிந்த செய்தியாகும். நிலத்து வருவாய் தவிர வேறு வருவாய் இல்லாத விவசாயி வரி அறிக்கை அனுப்பவேண்டிய அவசியம் பொதுவாக ஏற்படுவதில்லை. ஆனால் நிலமுள்ளவரே பள்ளி ஆசிரியராகவோ, ஓய்வூதியம் பெறுபவராகவோ, கடை வாடகை வாங்குபவராகவோ இருப்பதை நாம் ஊர்தோறும் காண்கிறோம். வங்கியில் போட்ட வைப்புத் தொகையின் ஆண்டு வட்டி 50,000 ரூபாயை, அறுபது வயது நிறைந்தவராயின் ஒரு லட்சத்தை, தாண்டினால் வங்கியே வரியைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடித்தத்தைத் திரும்பப் பெறவும் அறிக்கை அனுப்பியாக வேண்டும். எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளையொருவன் வீட்டில் இருந்தால் இவ்வேலையைக் கணிப்பொறியில் தாமே முடித்துக்கொள்ளலாம். அதற்கு எந்த மென்பொருளை நம்புவது என்பதே இங்கு நாம் ஆராயப்போகும் விஷயம்.

முதலாவதாக, வருமான வரி இலாகாவே தனது இணையதளத்தில் இச்சாதனத்தை இலவசமாக அளிக்கிறது. தளத்திலேயே நேராக நிரப்பி அனுப்புவது ஒரு வழி. இலாகாவின் மென்பொருளைக் கணிப்பொறியில் இறக்கிக்கொண்டு, வீட்டிலிருந்தபடி நிதானமாக நிரப்பி, முடிவில் கோப்பாகத் தளத்தில் ஏற்றுவது மற்றொரு வழி. இணைப்பு அடிக்கடி அறுபடும் ஊர்களுக்கு இந்த இரண்டாவது வழியே ஏற்றது என்பது நமது அபிப்பிராயம். மூன்றாவதாக, இலாகாவிடம் பதிவு பெற்ற தனியார் நிறுவனங்களும் இச்சேவையைச் செய்கின்றன. அவற்றில் சில எளிய படிவத்தை மட்டும் இலவசமாக முடித்துத் தந்து, மற்றவற்றிற்குக் கட்டணம் கேட்கும். கட்டணம் வாங்குவது குற்றமன்று. அதை வேலை தொடங்கும் முன்பே சொல்கிறதா, அல்லது எல்லா விவரங்களையும் வாங்கிக்கொண்ட பின் கடைசிப் பக்கத்தில் சொல்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

நகரத்தில் சம்பளம் வாங்குபவருக்கு இவற்றில் எதுவாயினும் பெரும்பாலும் போதும். நிலமுள்ளவருக்கு அப்படியன்று. சஹஜ் எனப்படும் முதலாவது படிவத்தையும், சுகம் எனப்படும் நான்காவது படிவத்தையும் விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ளவர் உபயோகிக்கலாகாது. சம்பளமோ ஓய்வூதியமோ உடையவர் இரண்டாவது படிவத்திற்கும், வியாபாரம் உடையவர் மூன்றாவது படிவத்திற்கும் போகவேண்டும். ஆகவே, விவசாய வருமானம் உண்டா என்று தொடக்கத்திலேயே கேட்காத மென்பொருள் நமக்கு உதவாது. இலாகா முன்கூட்டியே நிரப்பித் தரும் விவரங்களில் சம்பளமும் வட்டியும் பிடித்தமும் இருக்கும். நெல் விற்ற பணம் அதில் இராது. ‘எல்லாம் தானாகவே வந்துவிடும்’ என்ற விளம்பரத்தை நம்பிப் பொத்தானை அழுத்துபவர் அதை விட்டுவிடுவது இயல்பே.

வரியில்லாத வருமானத்தை ஏன் காட்டவேண்டும் என்று கேட்கலாம். விவசாய வருமானத்திற்கு நேராக வரியில்லை என்றாலும், மற்ற வருமானத்தின் வரி விகிதத்தைக் கணக்கிடுவதற்கு அது சேர்த்துக்கொள்ளப்படுகிறது. செலவு போக விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரியற்ற வரம்பைத் தாண்டினால் இவ்விதி பொருந்தும். 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறைப்படி அவ்வரம்பு 4 லட்சம்.

ஓர் உதாரணம் காண்போம். ஒருவருக்குச் சம்பளம் 13,75,000 ரூபாய். நிலைக் கழிவு 75,000 போக 13 லட்சம். நிலத்தில் செலவு போக 2 லட்சம் கிடைக்கிறது. நிலத்தைச் சொல்லாமல் விட்டால் வரி 75,000 ரூபாய் என்று வரும். முறைப்படி செய்தால், இரண்டையும் சேர்த்த 15 லட்சத்திற்கு வரி 1,05,000. நில வருமானம் 2 லட்சத்துடன் வரியற்ற 4 லட்சத்தைச் சேர்த்த 6 லட்சத்திற்கு வரி 10,000. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 95,000. இதற்கு மேல் 4 சதவிகிதம் தீர்வை 3,800 சேர்ந்து 98,800 ஆகிறது. நிலத்தை விட்டுவிட்ட கணக்கில் தீர்வையுடன் 78,000 தான். வித்தியாசம் 20,800 ரூபாய். அது பின்னால் வட்டியோடு கேட்கப்படும். தராசை வாங்குமுன் படிக்கல்லை வைத்துப் பார்ப்பது போல, இதே எண்களை மென்பொருளில் இட்டுப் பாருங்கள். 98,800 என்று காட்டி, அது எவ்வாறு வந்தது என்ற கணக்கையும் காட்டினால் அதனிடம் நமது வேலையை ஒப்படைக்கலாம்.

இந்த வரம்புகளும் விகிதங்களும் 2025-26-க்கு உரியவை. ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. சென்ற ஆண்டு இறக்கிவைத்த மென்பொருளையே மறுபடி உபயோகிப்பது ஆகாது.

மென்பொருளுக்குக் கூட்டல் தெரியும். எது விவசாயம் என்பது தெரியாது. அதை நாம்தான் சொல்லவேண்டும். சாகுபடி நிலத்தின் குத்தகையும், நாற்றங்காலில் வளர்த்த கன்றுகளை விற்ற பணமும் விவசாய வருமானமே. பால் பண்ணை, கோழிப் பண்ணை வருமானம் விவசாய வருமானம் ஆகாது. வயலின் ஓரத்தில் தொலைபேசிக் கோபுரத்திற்கு விட்ட இடத்தின் வாடகையும் ஆகாது. தேயிலையைத் தாமே பயிரிட்டு, தாமே பதப்படுத்தி விற்பவருக்கு அவ்வருமானத்தில் 40 சதவிகிதம் வரிக்குரியது. பிற பணத்தை நிலத்தின் பெயரில் எழுதிவிடும் பழக்கமும் சிலரிடம் உண்டு. விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால், நிலம் உள்ள மாவட்டம், அதன் ஏக்கர் அளவு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்ற விவரங்களையெல்லாம் படிவம் கேட்கிறது என்பதை அவர்கள் நினைவில் கொள்வது நலம். சிட்டா, அடங்கல் நகல்களையும் விற்பனைச் சீட்டுக்களையும் அறிக்கையோடு அனுப்பவேண்டியதில்லை; வீட்டில் பத்திரமாக இருக்கவேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தனிக் கவனம் செலுத்தவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ‘பிடித்த வரி முழுவதையும் திரும்ப வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு ஒரு பங்கு கொடுங்கள்’ என்று வரும் தரகர்கள், செலுத்தாத நன்கொடையையும் கட்டாத காப்பீட்டையும் கழிவாக எழுதிவிடுகின்றனர். இத்தகைய பொய்க் கழிவுகளைக் குறித்து 2025 ஜூலையில் நாடெங்கும் 150 இடங்களில் இலாகா சோதனை நடத்தியது. தரகர்கள் தாங்களே உண்டாக்கிய மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்துவிடுவதால், இலாகாவின் நோட்டீசு வரி செலுத்துபவரின் கண்ணில் படாமலே கிடந்ததும் அப்போது வெளிவந்தது. வருமானத்தைத் திரித்துக் காட்டியதாக முடிவானால், தவறிய வரியைப் போல் இரு மடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைக் கட்ட வேண்டியவர் தரகர் அல்லர்.

ஆகையால் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் தம்முடையதாகவோ, வீட்டாருடையதாகவோ இருத்தல் வேண்டும். தளத்தின் கடவுச் சொல்லையும் கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணையும் எவரிடமும் கொடுத்துவிட்டு வரக்கூடாது. எந்த மென்பொருளாயினும், அனுப்பிய அறிக்கையின் பிரதியை நம் கையில் தரவேண்டும். பழைய வரி முறை, புதிய முறை இரண்டிலும் வரி எவ்வளவு என்று பக்கத்தில் பக்கமாகக் காட்டுவது கூடுதல் சௌகரியம். வீட்டுக் கடன் வட்டி செலுத்துவோருக்கு அது அவசியமும் ஆகும்.

அறிக்கையை ஏற்றியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. 30 நாட்களுக்குள் அதை உறுதிப்படுத்தவேண்டும். ஆதாருடன் இணைந்த கைபேசிக்கு வரும் எண்ணைக் கொண்டு அப்போதே செய்துவிடலாம். இயலாதவர் ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு, பெங்களூரிலுள்ள இலாகாவின் மத்திய அலுவலகத்திற்கு விரைவுத் தபாலில் அனுப்பலாம். உறுதிப்படுத்தாத அறிக்கை அனுப்பாத அறிக்கையாகவே கொள்ளப்படும்.